பசுமைச் சான்றிதழும் ஒரு லாரி பழைய கணினிகளும்

பழைய மகாபலிபுரம் சாலையில், பெருங்குடிப் பக்கம் இருக்கும் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நிர்வாகப் பிரிவில் வேலை பார்க்கிறேன். லிஃப்ட் நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், கேன்டீன் சாம்பாரில் உப்பு கூடினாலும் என்னைத்தான். 2023 மே மாதம் எங்கள் கட்டடத்துக்கு, சுற்றுச்சூழலைக் கெடுக்காத கட்டடங்களுக்குத் தரும் லீட் (LEED) பசுமைச் சான்றிதழ் வாங்குவது என்று மேலிடத்தில் முடிவானது. மின்சாரம், தண்ணீர், காற்றின் தரம் எல்லாவற்றையும் பொறியாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். குப்பை என் பங்குக்கு வந்தது. "உங்களுக்குத்தான் சுலபமான வேலை" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார், நானும் அப்படித்தான் நம்பினேன். அந்த வேலையால் சான்றிதழ் நான்கு மாதம் தள்ளிப்போனது. நிறுவனத்துக்குக் கூடுதலாக ஏறக்குறைய இரண்டே முக்கால் லட்சம் ரூபாய் செலவானது. என் கையிலிருந்து 12,000 ரூபாய்க்கு மேல் போனது. தூங்காத இரவுகளை எண்ணவில்லை. யாராவது ஒருவர் முன்னாலேயே உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் இதில் பாதியையாவது தவிர்த்திருப்பேன். அப்படிச் சொல்ல எனக்கு ஆள் கிடைக்கவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஐதராபாத்தில் 2004-ல் அப்துல் கலாம் திறந்துவைத்த பசுமை வணிக மையத்தின் படங்களைப் பார்த்த நாளிலிருந்து, பசுமைக் கட்டடம் என்றால் கூரைத் தோட்டமும் சூரியத் தகடும்தான் என்று என் மனதில் பதிந்திருந்தது. ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கும் கட்டடங்களுக்கான லீட் பிரிவைப் படித்தபோதுதான் குப்பைக்கு அதில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று தெரிந்தது. எங்களுக்குப் பொருந்திய நான்காம் பதிப்பில், கழிவு பற்றிய எழுத்துபூர்வமான கொள்கை கட்டாயம். அது இல்லாவிட்டால் மற்றவற்றில் எவ்வளவு புள்ளி எடுத்தாலும் பயன் இல்லை. அதற்கு மேல், புள்ளி வேண்டுமானால் அன்றாடக் குப்பையில் பாதியாவது மறுபயன்பாட்டுக்கோ மறுசுழற்சிக்கோ உரமாகவோ போக வேண்டும். கணினி, மேசை, நாற்காலி போன்ற நீண்ட காலப் பொருள்களில் 75 சதவீதம் அப்படிப் போக வேண்டும். கழித்துக்கட்டும் பேட்டரிகளும் பாதரசம் உள்ள விளக்குகளும் ஒன்றுவிடாமல் பாதுகாப்பாக அகற்றப்பட வேண்டும். இவையெல்லாம் நடந்ததற்குக் குறைந்தது மூன்று மாதச் செயல்பாட்டுக் காலத்தின் பதிவுகளைக் காட்ட வேண்டும். காகிதத்தையும் கேன்டீன் மிச்சத்தையும் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, ஒரு தராசும் ஒரு நோட்டும் போதும். கஷ்டம் முழுவதும் மின்சாரமும் ரசாயனமும் கலந்த குப்பையில் இருந்தது.

அந்தக் குப்பை எங்கள் கட்டடத்தின் அடித்தளத்தில், வாகன நிறுத்தத்தை ஒட்டி ஒரு பூட்டிய அறையில் எட்டு ஆண்டுகளாகச் சேர்ந்திருந்தது. ஜூன் முதல் வாரம் திறந்து பார்த்தேன். மானிட்டர்கள் கூரை வரை அடுக்கியிருந்தன. சிபியுக்கள், விசைப்பலகைகள், தொலைபேசிகள், பிரிண்டர் டோனர் உருளைகள், சணல் கயிற்றால் கட்டிய குழல்விளக்குகள், ஒரு மூலையில் ஜெனரேட்டரின் பழைய எண்ணெய் இரண்டு பீப்பாய். தரையில் ஒரு யுபிஎஸ் பேட்டரி வெடிப்பு விட்டு, அதைச் சுற்றி சிமென்ட் வெளுத்துப்போயிருந்தது. ஒரு மடிக்கணினியின் அடிப்பக்கம் உப்பி, மூடி பிளந்து நின்றது. அது உள்ளே லித்தியம் பேட்டரி வீங்கியதன் அடையாளம், அழுத்தினாலோ குத்தினாலோ தீப்பிடிக்கக்கூடியது என்பது அப்போது எனக்குத் தெரியாது. காலால் ஓரமாக நகர்த்திவிட்டுப் போனேன். இப்போது நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. வீங்கிய பேட்டரியைப் பார்த்தால் சார்ஜ் போடாதீர்கள், கழற்ற முயலாதீர்கள். தீப்பிடிக்கும் பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில், மணல் நிரப்பிய வாளியில் தனியாக வையுங்கள்.

எங்களுக்குப் பல ஆண்டுகளாகப் பழைய சாமான் எடுப்பவர் ஒருவர் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், எல்லோரும் அண்ணாச்சி என்றே கூப்பிடுவோம். அட்டைப்பெட்டி, இரும்பு, உடைந்த நாற்காலி எல்லாம் அவர்தான் எடுப்பார். சொன்ன நேரத்துக்கு வருவார், பேசிய காசைக் குறைக்கமாட்டார். அவரிடம் சான்றிதழ் விஷயத்தைச் சொன்னேன். "கவலைப்படாதீர்கள் தம்பி, மின்னணுக் கழிவுச் சான்றிதழ் நானே வாங்கித் தருகிறேன்" என்றார். மொத்தமாக 1,60,000 ரூபாய் அவர் எங்களுக்குத் தருவதாகப் பேசினோம். ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை லாரி வந்தது. அறையில் இருந்ததில் முக்கால்வாசி ஏறியது. கேட் பாஸில் "பழைய கணினிப் பொருள்கள், ஒரு லாட்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எடை போடவில்லை. எத்தனை மானிட்டர், எத்தனை சிபியு என்று எண்ணிக்கைகூட இல்லை. நிதிப் பிரிவில் காசோலையைக் கொடுத்தபோது பாராட்டினார்கள். அறை காலியான மகிழ்ச்சியில் அன்று மாலை குடும்பத்தோடு கடற்கரைக்குப் போனேன்.

திங்கட்கிழமை காலை கணினிப் பிரிவுத் தம்பி ஒருவன் வந்து, "அண்ணா, ஹார்டு டிஸ்க்கெல்லாம் கழற்றிவிட்டுத்தானே அனுப்பினீர்கள்?" என்று கேட்டான். கழற்றியதாகத்தான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். பட்டியலை எடுத்துப் பார்த்தபோது 38 சிபியுக்களில் டிஸ்க் அப்படியே இருந்தது தெரிந்தது. அதில் சில, சம்பளப் பட்டியல் போடும் பிரிவின் கணினிகள். உள்ளங்கை வியர்த்துவிட்டது. அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். அவர் மறைக்கவில்லை. நல்ல நிலையில் இருந்த டிஸ்க்குகள், மின்னணுச் சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஒரு கடைக்குப் போய்விட்டன என்றார். அன்றே அவரையும் அழைத்துக்கொண்டு அங்கே போனேன். சந்துக்குள் ஒரு சின்னக் கடை, கண்ணாடிப் பெட்டியில் எங்கள் நிறுவனத்தின் சொத்து எண் ஒட்டிய டிஸ்க்குகள் வரிசையாக அடுக்கியிருந்தன. அந்த வெள்ளை ஸ்டிக்கரை ஒட்டச் சொன்னவன் நான். ஒன்றுக்கு 400 ரூபாய் வீதம் 31 டிஸ்க்குகளைத் திரும்ப வாங்கினேன். 12,400 ரூபாய். பில் கிடையாது, அதனால் அலுவலகத்தில் கேட்கவும் முடியவில்லை. மீதி ஏழு விற்றுப்போயிருந்தன. மேலதிகாரியிடம் மறுநாளே எழுத்தில் சொல்லிவிட்டேன். அது என் வாழ்க்கையில் எழுதிய மிகக் கடினமான மின்னஞ்சல். அந்த ஏழு பற்றி எந்தத் தகவலும் வெளியே கசியவில்லை என்றாலும், அடுத்த பல மாதங்கள் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

இதில் நான் கற்றதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஃபார்மட் செய்தால் அழிந்துவிடும் என்று நம்பாதீர்கள், பல சமயம் சாதாரண மென்பொருளாலேயே அதை மீட்க முடியும். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி எண்ணி, வரிசை எண்ணைப் பட்டியலிட்டு, முறையாகத் தகவலை அழிக்கும் மென்பொருளை ஓட்டுங்கள், அல்லது கண்ணெதிரே துளைபோட்டோ நொறுக்கியோ அழியுங்கள். காந்தத்தால் அழிக்கும் கருவி பழைய வகை டிஸ்க்குக்குத்தான் பயன்படும். எஸ்எஸ்டி என்ற புதிய வகையில் தகவல் காந்தத்தில் பதிவதில்லை, ஆகவே அந்தக் கருவி அதை ஒன்றும் செய்யாது. பிரிண்டர்களிலும் நகல் எடுக்கும் பெரிய இயந்திரங்களிலும்கூட டிஸ்க் இருக்கக்கூடும், அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

ஜூலையில் கட்டடம் முழுவதும் எல்இடி விளக்குகள் மாற்றினோம். 1,140 குழல்விளக்குகள் இறங்கின. மாற்றிய ஒப்பந்தக்காரர் அவற்றை அடித்தளத்தில் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார். ஒரு பிற்பகல் நான் கீழே இறங்கியபோது கண்ணாடி நொறுங்கும் சத்தம் கேட்டது. துப்புரவுப் பணி செய்யும் அக்கா ஒருவர் குழல்களை ஒவ்வொன்றாகப் பீப்பாய் விளிம்பில் தட்டி உடைத்து உள்ளே போட்டுக்கொண்டிருந்தார். நீளமாக இருப்பதால் பீப்பாயில் நிற்கவில்லை, உடைத்துப் போடச் சொல்லி மேற்பார்வையாளர் சொன்னாராம். கையுறை இல்லை. முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தார். முழங்கை வரை வெள்ளைப் பவுடர், கோலமாவு கொட்டியதுபோல். "தூசிதான் சார், கழுவினால் போய்விடும்" என்று சிரித்தார். குழல்விளக்கில் பாதரசம் இருக்கிறது என்று லீட் ஆவணத்தில் படித்தவன் நான். அவரிடம் யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த அடித்தளத்தில் காற்றோட்டமும் கிடையாது.

ஒரு குழலில் இருப்பது சில மில்லிகிராம்தான். ஆனால் பாதரசம் சாதாரண அறை வெப்பத்திலேயே ஆவியாகும், கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் இல்லை. கொடைக்கானலில் 2001-ல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலையைப் பற்றியும், அங்கே வேலை செய்தவர்கள் உடல்நலத்துக்காக ஆண்டுக்கணக்கில் போராடியதைப் பற்றியும் நாம் எல்லோரும் செய்தியில் படித்திருக்கிறோம். அந்தச் செய்தியெல்லாம் அன்று படிக்கட்டில் நின்றபோது நினைவுக்கு வந்தது. அவரை உடனே மேலே அழைத்து வந்து, சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, மாற்றுச் சேலைக்கு ஏற்பாடு செய்து, மருத்துவரிடம் அழைத்துப் போனேன். சிறுநீரில் பாதரச அளவைப் பார்க்கும் பரிசோதனை எழுதினார். முடிவு வர ஐந்து நாள் ஆனது. அளவு வழக்கமான வரம்புக்குள் இருக்கிறது என்று வந்தபோது என் கண் கலங்கிவிட்டது. அந்தச் செலவை நான் கொடுத்தேன். அதை இந்தக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் இல்லை.

விளக்கு உடைந்தால் செய்ய வேண்டியது இது. முதலில் ஏசியை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, எல்லோரும் வெளியே வந்து பத்து நிமிடம் காத்திருங்கள். துடைப்பம் வேண்டாம், வேக்வம் கிளீனர் கூடவே கூடாது, இரண்டும் பவுடரைக் காற்றில் கிளப்பிவிடும். கையுறை போட்டுக்கொண்டு தடித்த அட்டையால் துண்டுகளை அள்ளுங்கள், மிஞ்சிய பவுடரை ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுங்கள், பிறகு ஈரத் தாளால் துடையுங்கள். எல்லாவற்றையும் இறுக மூடும் கண்ணாடி ஜாடியிலோ கெட்டியான பிளாஸ்டிக் பையிலோ போட்டு மூடுங்கள். உடையாத குழல்களுக்குப் புதிய விளக்குகள் வந்த அட்டைப்பெட்டிகளே மிகச் சிறந்த உறை. ஒப்பந்தக்காரர் முதல் நாளே அவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் தூக்கிப் போட்டுவிடுவார். போடவிடாதீர்கள்.

ஆகஸ்ட் கடைசியில், சான்றிதழுக்காக நிறுவனம் அமர்த்தியிருந்த ஆலோசகர் எங்கள் கோப்பைச் சரிபார்க்க வந்தார். அண்ணாச்சி கொடுத்த சான்றிதழைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. அழகான தாள், பச்சை ஓரம், முத்திரை, "சுற்றுச்சூழல் விதிகளின்படி பாதுகாப்பாக மறுசுழற்சி செய்யப்பட்டது" என்ற வாசகம். எடை இல்லை. பொருள் பட்டியல் இல்லை. கூட இணைத்திருந்த அனுமதி நகல் வேறொரு நிறுவனத்தின் பெயரில், 2016-ஆம் ஆண்டு விதிகளின் கீழ் பிரித்தெடுக்கும் வேலைக்காகக் கொடுக்கப்பட்டது, காலாவதியானது. மறுநாள் பைக்கை எடுத்துக்கொண்டு அந்த முகவரிக்கே போனேன். திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு தகரக் கொட்டகை. பூட்டில் துரு ஏறியிருந்தது. எதிர் டீக்கடைக்காரர், மூடி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது என்றார். அண்ணாச்சி மீது எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்கும் அந்தத் தாளை யாரோ ஒருவர் காசுக்கு விற்றிருக்கிறார். விதியைப் படித்துப் பார்க்க வேண்டிய இடத்தில் இருந்தவன் நான்.

ஆலோசகர் ஒரு வழி சொன்னார். லாரியின் கொள்ளளவை வைத்து எடையைக் கணக்குப் போட்டு, பதிவு பெற்ற நிறுவனம் ஒன்றிடமிருந்து பழைய தேதியில் ஒரு கடிதம் வாங்கிவிடலாம், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார். ஒரு இரவு முழுக்க யோசித்தேன். உண்மையில் ஆசைப்பட்டேன், அதை மறைக்க விரும்பவில்லை. முழங்கை வரை வெள்ளையாக நின்ற அக்காவின் கை கண்ணில் வந்துகொண்டே இருந்தது. அந்தத் தாளில் கையெழுத்துப் போட என்னால் முடியாது என்று மேலதிகாரியிடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, முதலிலிருந்து ஆரம்பியுங்கள்" என்றார். முதல் லாரியை எதிலும் கணக்குக் காட்டுவதில்லை என்றும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை புதிய செயல்பாட்டுக் காலம் என்றும் முடிவானது. ஆலோசகருக்குக் கூடுதல் கட்டணம் 2,25,000 ரூபாய். அந்த ஆண்டு எனக்குச் சம்பள உயர்வு குறைந்ததற்குக் காரணத்தை யாரும் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை.

அப்போதுதான் சட்டத்தை ஒழுங்காகப் படித்தேன். மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2022, நடைமுறைக்கு வந்தது 2023 ஏப்ரல் 1. அதாவது எங்கள் லாரி கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பு. பழைய விதிகளில் இருந்த பிரித்தெடுப்பவர் என்ற தனி வகை புதிய விதிகளில் இல்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிய வேண்டியவர்கள் நான்கே வகையினர்: உற்பத்தி செய்பவர், தன் பெயரில் சந்தையில் விற்பவர், பழுதுபார்த்து மறுபடி விற்பனைக்குத் தயார் செய்பவர், மறுசுழற்சி செய்பவர். நிதியாண்டின் எந்த ஒரு சமயத்திலாவது பட்டியலில் உள்ள மின், மின்னணுச் சாதனங்கள் ஆயிரமோ அதற்கு மேலோ பயன்படுத்தும் நிறுவனம் பெருநுகர்வோர் ஆகிவிடும். பட்டியலில் மொத்தம் 106 வகை. கணினி, மானிட்டர், தொலைபேசி, பிரிண்டர், ஏசி என்று எண்ணினால் முந்நூறு பேர் வேலை செய்யும் அலுவலகமே அந்த எல்லைக்குள் வந்துவிடும். பெருநுகர்வோர் தன் கழிவைப் பதிவு பெற்றவர்களிடம் மட்டுமே கொடுக்கலாம். காயலான் கடையில் கொடுத்தால், பசுமைச் சான்றிதழ் போவது ஒருபுறம், அது சட்டமீறல். பாதரசக் குழல்விளக்கும் இதே பட்டியலில்தான் வருகிறது. பேட்டரி வராது, அதற்கு 2022-லேயே வந்த தனி விதி. ஜெனரேட்டர் எண்ணெய்க்கு 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகள். ஒரே அறையில் கிடந்த சாமான்களுக்கு மூன்று சட்டம் என்பதை நான் புரிந்துகொள்ள ஒரு மாதம் ஆனது.

மறுசுழற்சி நிறுவனத்தைத் தேடும்போது விலையை முதலில் கேட்காதீர்கள். வாரியத்தின் இணையதளத்தில் பதிவு பெற்றவர்களின் பட்டியலில் பெயரைப் பாருங்கள். பதிவு எந்தத் தேதி வரை, ஆண்டுக்கு எத்தனை டன் கொள்ளளவு, எந்தெந்தப் பொருளுக்கு என்பதைப் பாருங்கள். பிறகு நேரில் போய்ப் பாருங்கள். நான் மூன்று இடங்களுக்குப் போனேன். ஓரிடத்தில் இயந்திரத்தின் மேல் உறை போட்டு மூடியிருந்தது, ஆள்கள் வெளியே சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்கள். தேர்ந்தெடுத்த இடத்தில் சர்க்யூட் பலகை, வயர், பிளாஸ்டிக், கண்ணாடி என்று தனித்தனியாகப் போகும் வரிசை இருந்தது, உள்ளே வந்த ஒவ்வொரு லாரிக்கும் எடைச்சீட்டு இருந்தது. பழைய எல்சிடி மானிட்டர்களைத் தனி மேசையில் கழற்றுவதைக் காட்டினார்கள். எல்இடி வருவதற்கு முந்தைய மானிட்டர்களில் பின்னொளிக்காக மெல்லிய பாதரசக் குழல் இருக்குமாம், சுத்தியலால் உடைத்தால் அதுவும் சேர்ந்து உடையும். என் முதல் லாரியில் போனவை பெரும்பாலும் அந்த வகை. குழல்விளக்குகளை எடுக்க நான் அழைத்த ஆறு நிறுவனங்களில் ஒன்றுதான் சம்மதித்தது. அதற்கு நாம்தான் காசு கொடுக்க வேண்டும், நமக்கு அவர்கள் தருவதில்லை. இதை நிதிப் பிரிவுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். குப்பையை எடுத்துப்போக எதற்குப் பணம் என்று கட்டாயம் கேட்பார்கள்.

பேட்டரியில் வேறு மாதிரிக் கண்ணி. ஜூலையில் 64 யுபிஎஸ் பேட்டரிகளை மாற்றியிருந்தோம், ஒவ்வொன்றும் சுமார் 30 கிலோ. புதிய பேட்டரி விற்றவரே பழையதைத் திரும்ப எடுத்துக்கொண்டு விலையில் கழித்துக்கொண்டார். முறைப்படி அது சரியான வழிதான். ஆனால் பில்லில் "பழைய பேட்டரிக் கழிவு" என்று ஒரு தொகை மட்டும் இருந்தது, எண்ணிக்கையும் எடையும் எங்கே போயிற்று என்பதும் இல்லை. ஏறக்குறைய இரண்டு டன் ஈயமும் அமிலமும் ஒரு வரியில் மறைந்துவிட்டது. நல்லவேளை, அவர் பதிவு பெற்ற நிறுவனத்துக்கே அனுப்பியிருந்தார், எட்டு முறை போன் செய்தபின் கடிதம் கிடைத்தது. கொள்முதல் ஆணையிலேயே இதை எழுதிவிடுங்கள்: வரிசை எண், எடை, சேருமிடத்தின் கடிதம் வந்த பிறகுதான் கடைசித் தவணை. பணம் கையில் இருக்கும்வரை கடிதம் வேகமாக வரும். அறைக்குள் வைத்திருக்கும்போது மின்முனைகளில் டேப் ஒட்டுங்கள், மரப்பலகை மேல் நிமிர்த்தி வையுங்கள், எடை குறையட்டும் என்று யாரையும் அமிலத்தை வடிக்கவிடாதீர்கள்.

ஜெனரேட்டர் எண்ணெயைப் பற்றி எங்களில் ஒருவரும் யோசித்ததே இல்லை. எண்ணெய் மாற்ற வரும் மெக்கானிக் பழையதைப் பெரும்பாலும் தானே கொண்டுபோவார். எங்கே என்று கேட்டபோது, கட்டுமான இடங்களில் கான்கிரீட் ஊற்றும் சென்ட்ரிங் பலகைக்குத் தடவ வாங்கிக்கொள்வார்கள் என்றார். பயன்படுத்திய எண்ணெய் அபாயகரக் கழிவு. 90 நாளுக்கு மேல் சேர்த்து வைக்கக் கூடாது. அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பு நிறுவனத்துக்கு, படிவம் 10 என்ற போக்குவரத்துச் சீட்டோடுதான் போக வேண்டும். அது பல வண்ணப் பிரதிகளாக இருக்கும். பெற்றுக்கொண்டவர் கையெழுத்திட்டு நமக்குத் திருப்பி அனுப்ப வேண்டியது நீல நிறப் பிரதி. அந்த நீலத்தாள் வராமல் கோப்பை மூடாதீர்கள். வாடகைக் கட்டடம் என்றால் ஜெனரேட்டர் யாருடையது, தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். எங்களுக்கு அது உரிமையாளர் பெயரில் இருந்தது, அவரிடம் கையெழுத்து வாங்கவே மூன்று வாரம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்த அக்டோபரில் நிதிப் பிரிவிலிருந்து ஒரு அழைப்பு. மீதமிருந்த கணினிகளில் சில, மென்பொருள் ஏற்றுமதித் திட்டத்தில் சுங்கத் தீர்வை இல்லாமல் இறக்குமதி செய்தவை. உரிய அனுமதி வாங்காமல் அவற்றை வெளியே அனுப்பக் கூடாது. பழைய ஆவணங்களைத் தோண்டி, மதிப்பு கணக்கிட்டு, அனுமதி வந்து சேர ஆறு வாரத்துக்கு மேல் ஆனது. ஏற்றுமதி நிறுவனங்களில் இருப்பவர்கள் சொத்துப் பதிவேட்டில் இதை முதல் வேலையாகப் பாருங்கள். குத்தகைக்கு எடுத்த கணினிகளும் அப்படியே, அவை நம்முடையவையே அல்ல. இந்தத் தாமதத்தால் டிசம்பர் பிறந்தபோதும் சாமான்கள் அடித்தளத்திலேயே இருந்தன.

டிசம்பர் 2, சனிக்கிழமை. மிக்ஜாம் புயல் வருகிறது என்று வானிலைச் செய்தி. இரவுக் காவலர் தாத்தா என்னை நிறுத்தி, "தம்பி, 2015-ல் இந்த அடித்தளத்தில் தண்ணீர் நெஞ்சு வரை நின்றது" என்றார். கீழே போய்ப் பார்த்தேன். 1,140 குழல்களில் உடைந்தது போக மீதி, அக்கா உடைத்த துண்டுகள் மூடிய பீப்பாயில், லித்தியம் பேட்டரிகள் மணல் வாளியில், எண்ணெய். இவை மிதந்தால் எங்கே போகும் என்று யோசித்தேன். எங்களுக்குப் பின்னால்தான் பள்ளிக்கரணை சதுப்புநிலம், ஓராண்டுக்கு முன்புதான் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்திருந்தது. அதன் ஓரத்திலேயே பெருங்குடிக் குப்பைமேடு. அந்த அக்காவும் இன்னொரு பணியாளரும் இரண்டு காவலர்களும் நானும் இரவு பதினொன்று வரை குழல்பெட்டிகளையும் பேட்டரிகளையும் எண்ணெய்ப் பீப்பாயையும் முதல் தளத்துக்கு ஏற்றினோம். இந்த முறை எல்லோர் கையிலும் கையுறை இருந்தது. சிபியுக்களுக்கு நேரம் போதவில்லை. ஞாயிறு இரவு தொடங்கிய மழை திங்கள் முழுக்கப் பெய்தது. தண்ணீர் வடிந்து நான்கு நாள் கழித்து அடித்தளக் கதவைத் திறந்தபோது சிபியுக்கள் சேற்றில் கிடந்தன. மறுசுழற்சி நிறுவனம் எங்களுக்குத் தரவேண்டிய விலையில் 20,000 ரூபாய் குறைத்துக்கொண்டது. மேலே ஏற்றியதில் ஒரு குழல்கூட உடையவில்லை. மின்னணுக் கழிவு அறையை அடித்தளத்தில் வைக்காதீர்கள், சென்னையில் கண்டிப்பாக வேண்டாம். எங்களுடையது இப்போது முதல் தளத்தில், இரும்பு அடுக்குகளோடு, வெளிக்காற்று வரும் ஜன்னலோடு இருக்கிறது. அடுக்கும் கூலியுமாக 30,000 ரூபாய் ஆனது.

டிசம்பர் மூன்றாம் வாரம் அடுத்த லாரி வந்தது. காலி லாரியை எடைமேடையில் ஏற்றினோம், சரக்கோடு மறுபடி ஏற்றினோம், இரண்டு சீட்டையும் படம் எடுத்தோம். வண்டி எண்ணும் பொருள் பட்டியலும் எடையும் எல்லாத் தாள்களிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கேட் பாஸில் கையெழுத்துப் போட்டேன். ஓட்டுநர் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தார், அவருக்கும் சாப்பாடு போட்டோம். லாரிக்குப் பின்னாலேயே பைக்கில் போய், அது அந்த நிறுவனத்தின் வாசலுக்குள் நுழைவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். பதினெட்டாம் நாள் மறுசுழற்சிச் சான்றிதழ் வந்தது. 2024 ஏப்ரலில் லீட் தங்கச் சான்றிதழ் கிடைத்தது, வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார்கள்.

முதல் தள அறையின் கதவில் ஒரு பதிவேடு தொங்குகிறது. தேதி, பொருள், எண்ணிக்கை, எடை, வண்டி எண், சேர்ந்த இடம், சான்றிதழ் எண் என்று ஏழு கட்டங்கள். குழல்விளக்கு ஃபியூஸ் ஆனால் அந்த அக்காதான் எடுத்துவந்து பெட்டியில் வைத்து, எண்ணிக்கையை எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். முதல் பக்கத்தின் முதல் வரியில் ஜூன் மாதத்து லாரியை நானே எழுதி வைத்திருக்கிறேன். தேதியும் வண்டி எண்ணும் இருக்கின்றன. எடையும் சேர்ந்த இடமும் இன்றுவரை காலியாகவே இருக்கின்றன.